சையானில் காக்கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிப் பார்க்கிறேன். போன மே மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் சையான் தேசியப் பூங்காவுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றினீர்கள், காக்கையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த மே கடைசியில் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவோடு மறுபடி இரண்டு நாள் போகிறீர்கள். வருஷம் தவறாமல் வேடந்தாங்கல் போகிற அப்பாவுக்கு, காண்டார் என்கிற மாபெரும் பிணந்தின்னிக் கழுகைக் காட்ட வேண்டும். அதற்கு ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்கிற செங்குத்துப் பாறையில் ஏறியே ஆகணுமா, எந்த பைனாகுலர் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: "இத்தனை பறவை இருக்கிறது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பறவையியல் படித்தவன் இல்லை, வயிற்றுப்பாட்டுக்குக் கணினி வேலை. லாஸ் வேகஸில் இருப்பதால் சையான் எனக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். பன்னிரண்டு வருஷமாக வருஷத்துக்கு நாலைந்து தடவை போய்க்கொண்டிருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி கால்நடையாகக் கற்றது. அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

பூங்காவின் பறவைப் பட்டியலில் ஏறத்தாழ 290 வகை இருக்கிறது. முதல் மூன்று தடவை நான் பார்த்தது பத்தைத் தாண்டவில்லை. காரணம் நம் பழக்கம். வேடந்தாங்கலில் ஏரிக்கரைமேல் நின்றால் போதும்: எதிரே தண்ணீர், தண்ணீரில் மரம், மரத்தில் நாரையும் கூழைக்கடாவும் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும். சையானில் அப்படி ஒரு பந்தல் கிடையாது. இரண்டு பக்கமும் 2,000 அடி மணற்கல் சுவர், நடுவே ஒல்லியாக வர்ஜின் ஆறு. பறவைகள் குறுக்கே பரவாமல் மாடி மாடியாக வாழ்கின்றன. ஆற்றுத் தண்ணீரில் ஒரு கூட்டம், கரையோரக் காட்டன்வுட் மரங்களிலும் புதர்களிலும் ஒரு கூட்டம், பாறை இடுக்குகளில் ஒன்று, உச்சி விளிம்பில் காற்று ஏறும் இடத்தில் இன்னொன்று. முதல் தடவை போகிறவன் கண் சுவரை விட்டு இறங்காது. தப்பில்லை, சுவர் அப்படி. ஆனால் சுவரை அண்ணாந்து பார்த்தபடி பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி ஏறினால் நாலு மாடியில் எதுவும் அகப்படாது.

அடுத்தது நேரம். நீங்கள் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மே கடைசியில் அந்த நேரத்துக்குத் தரைமட்டப் பறவைகள் வாயை மூடிக்கொண்டு நிழலுக்குள் போயிருக்கும். பள்ளத்தாக்கில் சூரியன் உதிப்பது ஒன்று, வெயில் தரையைத் தொடுவது வேறொன்று. விடிந்த பிறகு முதலில் மேற்குச் சுவரின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு விழும். அது மெல்ல இறங்கி, வெகுநேரம் கழித்துத்தான் மரத்தின் உச்சிக்கு வரும். கோடு எங்கே வருகிறதோ அங்கே குளிர் விட்டுப் பூச்சி கிளம்பும், பூச்சிக்குப் பின்னால் குருவி வரும். அதனால் காலையில் நான் நடப்பதே இல்லை. எந்த மரத்தில் முதல் வெயில் விழும் என்று பார்த்து, அதன் எதிரே உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரே மரத்தில் ஏழெட்டு வகை வரும்.

உங்கள் காக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அது அனேகமாகக் காக்கை இல்லை, ரேவன். நம் அண்டங்காக்கையைவிடப் பெரியது, தொண்டையில் தாடி மாதிரி கலைந்த இறகு, பறக்கும்போது வால் ஆப்பு வடிவம். வெயில் ஏறிய பிறகு சையானில் சும்மா இருக்க முடியாத பறவை அது ஒன்றுதான். ஒரு ஜோடி சுவரோரம் தலைகீழாகப் புரண்டு விளையாடுவதைப் பத்து நிமிஷம் பாருங்கள், காக்கைதானே என்று விட்டுவிட மாட்டீர்கள்.

முதல் நாள் காலைக்குப் பாரூஸ் பாதையைச் சொல்வேன். அந்தப் பகுதிப் பழங்குடியினரின் பாயூட் மொழியில் குமிழியிட்டு ஓடும் தண்ணீர் என்று பொருள். பார்வையாளர் மையத்திலிருந்து கேன்யன் ஜங்ஷன் வரை தார் போட்ட, கிட்டத்தட்டச் சமதளமான வழி, ஒரு பக்கத்துக்கு 2.7 கிலோமீட்டர். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தாலும் பாதி தூரம் போய்த் திரும்பலாம். இங்கே பள்ளத்தாக்கு அகலம் என்பதால் வெயிலும் சீக்கிரம் இறங்கும். மே கடைசியில் நீலத் தலையும் செம்மண் நிற மார்புமாக லசூலி பண்டிங், கருப்புத் தலை க்ரோஸ்பீக், மஞ்சள் வார்ப்ளர், புல்லக்ஸ் ஓரியோல், தரையில் சருகைக் கால்களால் பின்னுக்கு வாரிக் கிளறும் புள்ளி டௌஹி, கருந்தாடை ஹம்மிங்பேர்ட் எல்லாம் சாதாரணம். ஓரியோல் என்றதும் அப்பா மாங்குயிலை நினைப்பார். நிறம் ஒத்துப்போனாலும் குடும்பம் வேறு. பாலம் வந்தால் அதன் கீழே எட்டிப் பாருங்கள், கருப்பு ஃபீபி வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாம்பலும் பச்சையுமாகக் கண்ணைச் சுற்றி வளையம் போட்ட சின்ன ஈப்பிடிப்பான் ஒன்று வந்தால் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குடும்பத்தில் நாலைந்து வகை அச்சில் வார்த்தது போல் இருக்கும். குரல் கேட்டால் சொல்வேன், பார்த்து மட்டும் பிரிக்க எனக்கு இன்றுவரை வராது.

இங்கே கண்ணைவிடக் காது முக்கியம். கேன்யன் ரென் என்று ஒன்று, நம் சிட்டுக்குருவியைவிடச் சிறியது, வெள்ளைத் தொண்டை, துருப்பிடித்த இரும்பு நிற உடம்பு. உட்கார்ந்திருக்கும் பாறையும் அதே நிறம், பார்ப்பது கஷ்டம். ஆனால் பாட்டு அந்தச் சுவர் முழுவதையும் நிறைக்கும். உச்சஸ்தாயியில் விறுவிறுவென்று தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்கி, இறங்க இறங்க நிதானித்து, அடி ஸ்வரத்துக்கு வரும்போது மூச்சு தீர்ந்த மாதிரி நிற்கும். அவரோகணம் மட்டுமே பாடத் தெரிந்த வித்வான். சிக்கல் என்னவென்றால் எதிரொலி. குரல் வலப்பக்கம் கேட்கும், பறவை இடப்பக்கச் சுவரில் இருக்கும். ஒருவரை இருபது அடி தள்ளி நிற்க வைத்து, இரண்டு பேரும் கேட்கிற திசையைக் கை நீட்டிக் காட்டுங்கள். இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவும். ஆனால் உள்ளே பெரும்பாலும் சிக்னல் கிடையாது, அந்தப் பகுதிக்கான தொகுப்பை முன்னாடியே இறக்கிக்கொள்ளுங்கள். ஆற்றிரைச்சலில் அது காட்டும் பெயரை யூகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். குஞ்சு வளர்க்கிற நேரத்தில் எதிரி வந்துவிட்டான் என்று அது சண்டைக்குக் கிளம்பும். தேசியப் பூங்காக்களில் உயிரினங்களை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது சட்டப்படியும் குற்றம்.

இரண்டாம் நாள் காலை முதல் பேருந்தில் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவுக்குப் போய்விடுங்கள். சீசனில் சொந்தக் காரை அந்தச் சாலையில் விட மாட்டார்கள். அங்கிருந்து ரிவர்சைடு வாக், ஒரு மைல், அதுவும் தளம் போட்ட வழி. இதற்கப்பால் ஆற்றுக்குள் இறங்கி நடக்கும் நேரோஸ் பகுதியைப் பனி உருகி வரும் வெள்ளத்தால் மே மாதத்தில் மூடி வைத்திருப்பது உண்டு. உங்களுக்குக் கவலை இல்லை, நீங்கள் பார்க்கப் போவது டிப்பர். நமக்கு டிப்பர் என்றால் மணல் லாரி. இது மைனாவைவிடச் சின்னதாக, உருண்டையாக, ஈய நிறத்தில், குட்டை வாலோடு இருக்கும் பறவை. அழகென்று சொல்ல மாட்டேன். ஒரு காலை, ஆற்றின் நடுவே நனைந்த கல் ஒன்றின்மேல் அது நின்றிருந்தது. நின்ற இடத்தில் தோப்புக்கரணம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட மாதிரி விடாமல். ஒவ்வொரு கரணத்துக்கும் இடையில் கண்ணில் பளிச்சென்று ஒரு வெள்ளை. இமைமேல் வெள்ளை இறகு இருப்பதால் இமைக்கும்போது தெரிவது அது. பிறகு படிக்கட்டில் இறங்குகிறவன் போலத் தண்ணீருக்குள் நடந்தது. கணுக்கால், வயிறு, தலை. மொத்தமாக மூழ்கிவிட்டது. நான் மனதுக்குள் எண்ணி ஒன்பதுக்கு வந்தபோது வேறொரு கல்லோரம் வெளியே ஏறியது, வாயில் குச்சித் துண்டு மாதிரி ஏதோ. அது குச்சி இல்லை, மணலையும் சருகுத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டி உள்ளே இருக்கும் கேடிஸ் பூச்சியின் புழு. கல்லில் நாலு அடி அடித்து உறையை உடைத்துப் புழுவை விழுங்கியது, மறுபடி தோப்புக்கரணம். இப்படி மூழ்கி இரை தேடும் பாட்டுப்பறவை வட அமெரிக்காவில் இது ஒன்றுதான். நம் நாட்டில் இதன் சொந்தக்காரர்களைப் பார்க்க இமயமலைக்குப் போக வேண்டும், அதனால் அப்பாவுக்கும் அனேகமாகப் புதுசு. தண்ணீர் கலங்கி ஓடினால் இரை தெரியாமல் டிப்பர் தெளிந்த ஓடைப் பக்கம் ஒதுங்கிவிடலாம். எனக்கு இரண்டு தடவை அப்படி ஏமாற்றம் ஆகியிருக்கிறது. காட்டியே தீருவேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, காண்டார். முதலில் ஒரு வெட்கக்கேடு. இரண்டாவது வருஷம், பிக் பெண்ட் நிறுத்தத்தில் நின்று "காண்டார்! காண்டார்!" என்று நான் கத்தியதில் ஒரு பேருந்துக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. அது டர்க்கி வல்ச்சர், காண்டாரைவிடச் சின்ன பிணந்தின்னிக் கழுகு. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தோளைத் தட்டிச் சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: அளவைப் பார்க்காதே, ஆட்டத்தைப் பார். 2,000 அடிச் சுவருக்கு முன்னால் எந்தப் பறவைக்கும் அளவு தெரியாது. டர்க்கி வல்ச்சர் இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்து, கயிற்றில் நடப்பவன் போல இப்படியும் அப்படியும் தள்ளாடும். காண்டார் இறக்கையைப் பலகை மாதிரி நீட்டியபடி ஆடாமல் அசையாமல் போகும். அதன் இறக்கை விரிப்பு ஒன்பதரை அடி, நம் ஊர் பத்துக்குப் பத்து அறையில் கிட்டத்தட்டச் சுவருக்குச் சுவர் தொடும். அடிப்பக்கம் வளர்ந்த காண்டாருக்கு இறக்கையின் முன்பாதியில் வெள்ளை, வல்ச்சருக்குப் பின்பாதியில் வெள்ளிச் சாம்பல். பெரும்பாலான காண்டார்களின் இறக்கையில் எண் எழுதிய அட்டை இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் அது எங்கே, எந்த வருஷம் பிறந்தது என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எண் போட்ட காட்டுப்பறவையா என்று அப்பா முகம் சுளிக்கலாம். 1987இல் உலகத்திலேயே 27 காண்டார்தான் மிச்சம், அத்தனையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கிய பிறகு வெளியே விட்டார்கள் என்று சொல்லுங்கள். இந்தப் பக்கம், அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸில், 1996இல் விடத் தொடங்கினார்கள். இன்று காட்டிலும் கூண்டிலுமாக ஐந்நூற்றுக்கு மேல். அந்தத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சு 2019இல் பொரித்தது இதே சையான் சுவரில், ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு வடக்கே ஒரு பொந்தில்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையின் மறுபாதி சட்டென்று புரியும். நம் பாறுகளை மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் ஊசி கொன்றது, 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். காண்டாரைக் கொல்வது ஈயம். வேட்டைக்காரர் சுட்ட மானின் குடலைக் காட்டிலேயே விட்டுப் போவார், குண்டு சிதறிய துணுக்குகள் அதில் இருக்கும், காண்டார் அதைத் தின்னும். இந்த வட்டாரத்துக் காண்டார்கள் சாவதற்கு முதல் காரணம் இதுவே, அதில் சந்தேகம் இல்லை. அரிசோனாவில் 2005 முதல் ஈயமில்லாத குண்டை இலவசமாகவே கொடுத்துப் பார்க்கிறார்கள். சாவு நிற்கவில்லை. போதாததற்கு 2023இல் பறவைக் காய்ச்சல் வந்து இந்த அரிசோனா-யூட்டா கூட்டத்தில் 21ஐக் கொண்டுபோனது.

ஆகவே, தெரியுமா தெரியாதா? ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற வேண்டாம். அதற்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு, மேலே சங்கிலியைப் பிடித்துப் போகும் வழி, அம்மா அப்பாவோடு நினைத்தே பார்க்காதீர்கள். பிக் பெண்டில் இறங்கி அதே பாறையை எதிர்ப்பக்கமிருந்து அண்ணாந்து பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அத்தனை கனத்த பறவை பாறை சூடாகிக் காற்று எழும் வரை கிளம்பாது. உச்சி விளிம்பை இடமிருந்து வலமாகத் தையல்காரர் கோடு போடுகிற மாதிரி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இவ்வளவு செய்தும், நான் போன தடவைகளில் பாதிக்கும் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். காண்டார் ஒன்றே குறி என்றால் ஒரு நாளை அரிசோனாவின் நவாஹோ பாலத்துக்கு ஒதுக்குங்கள், சையானிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கொலராடோ ஆற்றுக்கு 470 அடி உயரத்தில் நடந்துபோகிறவர்களுக்கென்றே தனிப் பாலம் இருக்கிறது. எதிர்ப்பாலத்தின் இரும்புச் சட்டத்தில் காண்டார் உட்கார்ந்திருப்பதைக் கண்ணுக்கு நேரே, சில சமயம் குனிந்தே பார்க்கலாம். அங்கேயும் உத்தரவாதம் இல்லை, ஆனால் வாய்ப்பு சையானைவிட மேல். ஒன்று கவனம்: கோடையில் அரிசோனா கடிகாரம் யூட்டாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கும், பாலத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியில் யூட்டா நேரமே. பாலத்தில் நடக்க நடக்க என் ஃபோன் மணியை மாற்றிக்கொண்டே இருந்தது.

பிக் பெண்டில் காத்திருக்கும் நேரம் வீண் போகாது. தலைக்கு மேலே கருப்பும் வெள்ளையுமாக அரிவாள் வடிவத்தில் கிறீச்சிட்டுப் பறப்பவை வெள்ளைத் தொண்டை உழவாரன்கள். அவற்றோடு கொஞ்சம் நிதானமாக, முதுகில் பச்சையும் ஊதாவும் மின்னப் பறப்பவை தகைவிலான்கள். திடீரென்று அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சிதறினால் உடனே மேலே பாருங்கள், பொரி வல்லூறு வந்திருக்கும். டி.டி.ட்டி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து அமெரிக்காவில் கிட்டத்தட்ட அழிந்த பறவை, 1972இல் அந்த மருந்தைத் தடை செய்த பிறகு மீண்டு 1999இல் அருகிவரும் இனப் பட்டியலிலிருந்து நீங்கியது. சையானில் அது கூடு வைக்கும் சுவர்களில் மார்ச் முதல் பாறை ஏறுவோருக்குத் தடை போடுவார்கள். அந்த அறிவிப்புப் பலகை எந்தச் சுவரைச் சொல்கிறது என்று பார்த்தால் வல்லூறைத் தேட வேண்டிய திசை கிடைத்துவிடும். மெக்சிகன் ஸ்பாட்டட் ஆந்தையும் இங்கே உண்டு, குறுகிய குளிர்ந்த பிளவுகளில் பகலில் தூங்கும். 1993 முதல் சட்டப் பாதுகாப்பில் இருப்பது. அது இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன், தனிச்செய்தியிலும் கேட்காதீர்கள்.

பைனாகுலருக்கு எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கடைக்காரர் பத்து மடங்கைத் தள்ளப் பார்ப்பார். எழுபதைத் தாண்டியவர் கையில் நடுக்கமும் பத்து மடங்காகும். அப்பா மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கிட்டே புதரில் இருப்பதைக் குவிக்க முடிகிறதா என்பதும் முக்கியம்.

மதியத்துக்குப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் தங்கும் விடுதியான லாட்ஜ் எதிரே உள்ள புல்வெளி. நடுவில் பெரிய காட்டன்வுட் மரம், சுற்றி வான்கோழிகள் நிஜமாகவே மேய்ந்துகொண்டிருக்கும். பள்ளத்தாக்கில் இப்படிக் கிழட்டு மரங்களே அதிகம், இளங்கன்று அரிது. 1930களில் ஆற்றுக்குக் கரை கட்டி வெள்ளம் பரவாமல் செய்ததால் விதை முளைக்க ஈரமணல் இல்லை என்பது ஒரு விளக்கம். மனித நடமாட்டத்துக்குப் பயந்து மலைச்சிங்கம் உள்ளே வருவதில்லை, மான் பெருகிக் கன்றை மேய்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடப்பதாகத் தோன்றுகிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்று அடித்துச் சொல்ல நான் ஆள் இல்லை. அந்த மர நிழலில் ஒரு போர்வையை விரித்து அப்பாவை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், பைனாகுலரை நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும். கழுத்து வலிக்காமல் உச்சி விளிம்பைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பையை மட்டும் மூடி வையுங்கள், அணில்கள் ஜிப்பைத் திறக்கும், விரலைக் கடிக்கும்.